யூனிஸைக் கூப்பிட்டுக் கேளுங்கள்

யூனிஸ் டார்பெல்லின் மூக்கின்மேல் மேப்பிள் பாகு சொட்டிவிட்டது. பான்கேக் சாப்பிட வந்த மரக்கடைக்காரர் அதைத் தன் கைக்குட்டையால் பதமாக ஒற்றியெடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "பாவம், நல்ல மனுஷி," என்றார்.

அடுத்த மேசையில் இருந்த வெண்டல் பீஸ்லிக்கு, விழுங்கிய பான்கேக் பாதி வழியில் நின்றுகொண்டது.

மூக்கு நிஜ யூனிஸின் மூக்கு அல்ல. தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அச்சடித்த படம். கிரான்பி நாட்ச்சில் இருக்கும் ஒரே சாப்பாட்டுக் கடையில் அந்த வாரம் எல்லா மேசையிலும் அதே படம்தான். பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "டயாலிசிஸ் வேனை நிறுத்த ஓட்டுப் போட்டவர் நம் சட்டசபை உறுப்பினர் யூனிஸ் டார்பெல். ஏன் என்று அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்." கீழே தொலைபேசி எண். அதற்கும் கீழே, எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில், "விளம்பரம்: கிரான்பி நாட்ச் விழிப்புக் குழு."

குழு என்றால் வெண்டல்தான். தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. மனைவி லொரேனைத் துணைத் தலைவராக இருக்கச் சொன்னார். "சண்டையே என் சிறுநீரகத்துக்காகத்தான நடக்குது? அது வேலை செஞ்சாப் போதும், நான் வேற செய்யணுமா," என்று சொல்லிவிட்டாள்.

லொரேனின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து வெகு காலம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய வெண்டல் தன் மனைவியைத் தானே கூட்டிப்போக மாட்டாரா என்றால், கண் போய்விட்டது. அவர் கடைசியாக வண்டியை எடுத்த அன்று பாதிரியாரின் தபால்பெட்டி ஒரு பக்கமும் பாதிரியார் மறுபக்கமும் சாய, இரண்டுக்கும் நடுவே நேராக ஓட்டிக்கொண்டு போய்ப் பாதிரியாரின் கோழிக்கூட்டில் நிறுத்தினார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வேன்தான். மாநில அரசு காசு கொடுத்து ஓட்டுகிற வெள்ளை வேன். அந்தக் காசைத் தொடர்ந்து கொடுக்க ஒரு மசோதா வந்தது. யூனிஸ் அதற்கு ஆதரவு என்று சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் வைத்து வெண்டலிடம் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கத்தில் குப்பைக் கிடங்கில் சொன்ன சொல் கோயிலில் சொன்ன சொல்லைவிட உறுதியானது. கோயிலுக்கு வராதவர்கள் உண்டு. குப்பை கொட்டாதவர்கள் கிடையாது.

ஓட்டெடுப்பு காய்ச்சல் காலத்தில் வந்தது. மசோதா தோற்றது. யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற விவரத்தை வெண்டல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். யூனிஸ் டார்பெல்லின் பெயருக்கு நேரே "வேண்டாம்" என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் "வேண்டாம்" தான்.

ஜூன் மாதக் கடைசியில் வேன் நின்றுவிடும். அதற்கப்புறம் லொரேன் எப்படிப் போவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. யூனிஸும் லொரேனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அதுதான் வெண்டலுக்கு அதிகமாக வலித்தது.

இந்த மாதிரி விளம்பரத்துக்குக் காசு கொடுக்கிற அமைப்பு ஒன்று தலைநகரத்தில் இருந்தது. அங்கே கெய்லி என்றொரு பெண் தொலைபேசியில் அவருக்குப் பாடம் எடுத்தாள்.

"மாநிலம் முழுக்கக் கத்தி என்ன சார் பிரயோஜனம்? அவங்களுக்கு ஓட்டுப் போடறது மூவாயிரம் பேர். அவங்க ஏறெடுத்துப் பார்க்கறது இருநூறு பேர். அந்த இருநூறு பேர் காலையில எங்க காபி குடிக்கறாங்களோ, அங்க போடுங்க."

"தோக்கடிங்கன்னு போட்டுடவா?"

"ஐயோ, அப்படி எழுதினா அது தேர்தல் விளம்பரம், கணக்குக் காட்டணும். 'கூப்பிட்டுக் கேளுங்க'ன்னு எழுதுங்க. கேக்கச் சொல்றது குத்தமில்ல சார்."

இதை லொரேனிடம் பெருமையாகச் சொன்னார். அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: "நீ கூப்பிட்டியா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? எனக்குத்தான் தெரியுமே."

"ஊரையே கேக்கச் சொல்ற. நீ கேக்க மாட்டேங்கற."

விளம்பரதாரர்கள் இந்த மாதிரி சில்லறைக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஊர் கூப்பிட்டது, அதில் குறையில்லை. பான்கேக் தின்ற கையோடு கூப்பிட்டார்கள். ஆனால் சபை நடக்கிற நாளில் யூனிஸ் தலைநகரத்தில் இருப்பாள். எங்கள் சபையில் உறுப்பினர்களே நானூறு பேர், வருஷச் சம்பளம் நூறு டாலர். செயலாளர், உதவியாளர் எல்லாம் யார் வைத்துக்கொள்வது? அடித்ததெல்லாம் வீட்டுத் தொலைபேசி. எடுத்ததெல்லாம் அவள் கணவன் அர்மான்.

அர்மான் தேனீ வளர்ப்பவர். தேனீக்கள் கேட்டுக்கொள்ளுமே தவிரத் திருப்பிப் பேசாது. ஆகவே பல வருஷமாகப் பேச ஆளில்லாமல் காய்ந்து கிடந்தார். திட்டுவதற்கென்று கூப்பிட்டவர்களை அவர் ராணித் தேனீயிலிருந்து பிடித்துக்கொண்டு, பனிக்காலத்தில் கூட்டை எப்படிப் போர்த்துவது என்பதுவரை விடவில்லை. ஒரு பெண்மணி செவ்வாய்க்கிழமை கூப்பிட்டவர் புதன்கிழமைதான் தொலைபேசியை வைத்தார் என்று ஊரில் பேச்சு. வைத்தவர்கள் அத்தனை பேரும் நேரே போய் ஆளுக்கொரு பாட்டில் தேன் வாங்கினார்கள். வேனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"விளம்பரத்துல சூடு பத்தல," என்று முடிவு செய்தார் வெண்டல். "காகிதம் வேலைக்கு ஆகாது. குரல் வேணும்."

ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடையின் மாடியில் எங்கள் ஊர் வானொலி நிலையம் இருக்கிறது. அறிவிப்பாளர் ஒருவரே. காணாமல் போன நாய், நாளைய மழை, இன்றைய சாவு எல்லாவற்றையும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரே குரலில் படிப்பார். வெண்டல் இந்த முறை கெய்லியைக் கேட்காமல், தன் கையாலேயே, உருக்கமாக எழுதிக் கொடுத்தார். இரவெல்லாம் யோசித்து எழுதியது:

"யூனிஸ் டார்பெல். நம்மில் ஒருவராக இருந்தார். நமக்காக நின்றார். அந்த யூனிஸ் இன்று நம்மிடம் இல்லை. விவரத்துக்கு அவர் வீட்டைக் கூப்பிடுங்கள்."

அறிவிப்பாளர் அதைக் காலை ஏழு மணிக்கு, இரண்டு மரண அறிவிப்புகளுக்கு நடுவே, கிணற்றுக் குரலில் படித்தார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் அழுவதற்கு முன்னால் அடுப்பை மூட்டிவிடுவார்கள். மக்ரோனி, டூனா மீன், மேலே ஒரு விரல் கனத்துக்குச் சீஸ். கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு அப்படியே சுட்டு, பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய நாடாவை ஒட்டிக் கொண்டுபோய் வாசலில் வைப்பது வழக்கம். மதியத்துக்குள் டார்பெல் வீட்டு வாசல் நிரம்பிவிட்டது. பிறகு படிக்கட்டில் அடுக்கினார்கள். பிறகு தேனீப் பெட்டிகளின் மேல். தேனீக்கள் சீஸ் மணம் தாங்காமல் பக்கத்து ஊருக்கே குடிபோயின என்று சொல்கிறார்கள். அர்மான் மட்டும், "காலையில நல்லாத்தானே இருந்தா," என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தானும் நம்பி அழுதுவிட்டார்.

சாயங்காலம் யூனிஸ் தலைநகரத்திலிருந்து வந்து, தன் சாவு வீட்டுக்குள் தானே நுழைந்தாள். கூடத்தில் பாதிரியார் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பின்வரிசையில் நின்று பாதிவரை கேட்டாள் என்றும், ஓரிடத்தில் தேதியைத் திருத்தினாள் என்றும் தகவல்.

இதற்குப் பிறகு ஊரில் யார் அவளைத் திட்டுவார்கள்? ஒருத்திக்காக அழுது, அடுப்பையும் மூட்டிச் சமைத்தாயிற்று. யாருக்காகச் சமைத்தோமோ அவளைத் திட்ட மனசு வராது.

சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் வெண்டல் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் யூனிஸ்?" என்று அதில் எழுதியிருந்தது. பனி உருகிச் சேறாகியிருந்த காலம். அவர் நின்ற இடத்தில் பூமி அவரை அங்குலம் அங்குலமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

யூனிஸின் வண்டி வந்தது. பின்கதவைத் திறந்தாள். உள்ளே குப்பை இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்து, குப்பை கொட்ட வந்தவர்களிடம் கொடுத்தாள். ஒரு நீல மூடிப் பாத்திரத்தோடு சேற்றில் நடந்து வெண்டலிடம் வந்தாள்.

"இந்தா, உங்க வீட்டுது."

"நாங்க ஒண்ணும் அனுப்பல."

"லொரேன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

வெண்டல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் பலகை, ஒரு கையில் பாத்திரம். கால் இரண்டும் சேற்றுக்குள். எதிரியை முறைக்க வசதியான நிலை அல்ல.

யூனிஸ் பலகையைப் படித்தாள். இப்போது அருகில் பார்க்கும்போது அவள் முகம் காகிதத்தில் இருந்ததைவிடக் களைத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேக்கணும்னா கேளு, வெண்டல். வா, என் வண்டியில உக்காரு, சொல்றேன். இங்க வேணாம். நாலு பேர் காதுல விழும்."

வெண்டல் அந்தக் கணத்தில் போய் வண்டியில் உட்கார்ந்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவருக்குச் சரியாக அப்போதுதான் ஒரு நல்ல வாக்கியம் தோன்றிவிட்டது.

"நாலு பேர் காதுல விழக் கூடாத பதில் எனக்கு வேணாம்," என்றார்.

யூனிஸ் "சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை லொரேனிடம் இரண்டு விதமாகச் சொல்லிக் காட்டினார். அவள் கை தட்டவில்லை. "சாகாதவளுக்கு எதுக்குச் சாப்பாடு அனுப்பின?" என்று கேட்டதற்கு, "அன்னிக்கு அவளுக்குத்தான் தேவைப்பட்டுது," என்றாள்.

மறுபடி கெய்லி. "கடைசியா ஒண்ணு இருக்கு சார். வரைபடத்துல அவங்க வீட்டைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. வட்டத்துக்குள்ள எந்த போன் இருந்தாலும் அதுல நம்ம விளம்பரம் வரும். வானிலை பாத்தாலும் வரும், சீட்டு விளையாடினாலும் வரும்."

வெண்டல் தன் கண்ணுக்குத் தெரிந்த வகையில் வட்டம் போட்டார். அதில் மொத்த கிரான்பி நாட்ச்சும், பக்கத்து ஊரில் பாதியும், ஒரு மலையும், அதில் மேய்ந்த மாடுகளும் அடங்கின. வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்றாள் கெய்லி. யூனிஸின் படத்துக்குக் கீழே வெண்டல் எழுதினார்: "போதும், யூனிஸ். இனி வீட்டிலேயே இரு."

இது வேலை செய்தது. அதுதான் வருத்தமே.

முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அலுத்துக்கொண்டார்கள். ஒரு முகத்தை நாளுக்கு ஐம்பது தடவை காட்டினால், அந்த முகம் என்ன குற்றம் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. ஏதோ செய்திருக்கிறது என்று மட்டும் மனசில் பதிந்துவிடுகிறது. கடையில் அவளைக் கண்டால் தக்காளியைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்கள். மரக்கடைக்காரர் எதிரே வந்தவளைப் பார்க்காதது போலத் தெருவைக் கடந்தார். சிலர் கூப்பிட்டும் சொன்னார்கள். இந்த முறை அர்மானைத் தேனீயைப் பற்றிப் பேசவிடாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அர்மான் தொலைபேசி ஒயரைச் சுவரோடு பிடுங்கிப் போட்டார். அதன் பிறகு அவர் தேனீக்களிடம்கூடப் பேசவில்லை.

புதன்கிழமை தபால் நிலையத்தில் செய்தி வந்தது. யூனிஸ் நாளைக்குச் சபைக்குப் போகவில்லை. நாளைக்கு மட்டுமில்லை, இனிமேலேயே போவதில்லையாம். "ஊர் சொல்லிடுச்சு, இருந்துடறேன்," என்றாளாம்.

வெண்டல் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடி வந்தார். இரவுச் சூப் ஆறும்வரை அதையே பேசினார். ஒரு சாதாரண மனிதன், கண் தெரியாதவன், ஓட்டைப் பலகையும் ஒரு வட்டமும் வைத்து ஒரு சட்டசபை உறுப்பினரையே உட்கார வைத்துவிட்டான்.

"அப்ப வேன் நிக்காதா?" என்றாள் லொரேன்.

"இனி ஒருத்தரும் நம்மள ஏமாத்த மாட்டாங்க. அதான் முக்கியம்."

"நான் வேனைப் பத்திக் கேட்டேன்."

வெண்டல் சூப்பில் மிளகு போதவில்லை என்றார்.

வியாழக்கிழமை லொரேனுக்கு டயாலிசிஸ் நாள். வெண்டலும் வேனில் ஏறிக்கொண்டார். துணைக்கு என்று சொன்னார்; உண்மையில் சபையில் யூனிஸின் காலி நாற்காலியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. வழி முழுக்க லொரேன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கை நரம்பில் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடத்தின்மேல் மறு கையை வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை இறக்கி உட்காரவைத்துவிட்டு, சாலையைக் கடந்து சபைக்கு நடந்தார்.

நடைபாதையில் பழைய ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவர் கையில் போனை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் லெவரெட் என்று இருந்தது, அவரும் உறுப்பினர். வெண்டலின் தொப்பியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிரான்பி நாட்ச்சா? கடவுள் காப்பாத்தினார். நான் யூனிஸுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். அவளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

வெண்டல் மார்பை நிமிர்த்தினார். "அவ வர மாட்டா. இனி எப்பவுமே வர மாட்டா. நாங்கதான் விளம்பரம் போட்டு வீட்டுல உக்கார வச்சோம்."

லெவரெட் அவர் கையை விட்டார். பின்னால் இருந்த பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து போன் அடிக்கறேன்," என்றார் மெதுவாக. "மணி போகவே மாட்டேங்குது. கார்ல போய்க் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிடும்."

"என்ன முடிஞ்சிடும்?"

"வேன் மசோதாவை மறுபடி எடுக்கறதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்த நம்ம ஆளுங்க எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. ஓட்டுக்கு விட்டா ஜெயிச்சிடும். எதிர்ப்பக்கம் உஷாராயிடக் கூடாதுன்னு அவ இத்தனை நாளா ஊர்லகூட வாயைத் திறக்கல."

உள்ளே மணி அடித்தது. உறுப்பினர்கள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அதுக்கு அவ எதுக்கு? நீங்களே எழுந்து கேக்கலாமே."

"நான் 'வேணும்'னு போட்டவன், கேக்க முடியாது," என்றார் லெவரெட். "தோத்த மசோதாவை மறுபடி எடுங்கன்னு கேக்கற உரிமை 'வேண்டாம்'னு போட்டவங்களுக்கு மட்டும்தான். மசோதா தோக்குதுன்னு தெரிஞ்ச கடைசி நொடியில, அந்த உரிமைக்காகவே நம்ம பக்கத்துலேருந்து தன் ஓட்டை மாத்திப் போட்டது உங்க யூனிஸ் ஒருத்திதான்."